சோற்றுப் பீங்கானுக்கு இன்னொரு பெயர்

பதுளை
10.11.1968

ஸல்மாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் பிள்ளையும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்கிறோம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? அந்த ஊர் வெயிலுக்குத் தலைவலி வருகிறது என்று எழுதியிருந்தீர்களே, இப்போது குறைவா?

நோன்பு வரப்போகிறது. நீங்கள் மலேசியாவுக்குக் கப்பல் ஏறிய பிறகு வருகிற இரண்டாவது நோன்பு. ஸல்மாவுக்கு முன்பற்கள் விழுந்துவிட்டன. "வாப்பா வந்தா என்னை ஆரெண்டு தெரியாமப் போயிரும்" என்று வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடித்தாயிற்று. எங்கள் வாப்பா பண்டாரவளையில் கடையைப் பூட்டிவிட்டு வந்து கூட்டிப்போனார். "அவர் கூப்புடட்டும், பொறகு பாஸ்போட் எடுக்கலாமே" என்று வழியெல்லாம் முணுமுணுப்பு. துணி அளந்து பழகியவருக்கு எதையும் அளந்து பார்த்தால்தான் நம்பிக்கை.

ஒன்று கேட்கிறேன், சிரிக்கக் கூடாது. நான் தமிழ் பேசும் சோனகப் பிள்ளை. உங்கள் குடும்பத்து மலாய்ப் பேச்சு எனக்கு மாமியின் அடுப்படியில் வந்ததுதான். அவர் மௌத்தாகி மண்ணுக்குப் போன பிறகு அதிலும் பாதி மறந்துவிட்டது. அங்கே வந்து நாலு பெண்கள் முன்னால் ஊமை மாதிரி நிற்க எனக்கு விருப்பமில்லை. வீட்டுச் சாமான்களை அங்கே என்னென்ன பெயரில் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். சாப்பிடும் தட்டு, நம் சோற்றுப் பீங்கானில் தொடங்குங்கள். மாமிக்கும் எனக்கும் முதல் சண்டையே அதில்தானே! அவர் "பிங்கான்" என்றார். எங்கள் பீங்கானைத்தான் மாமி அப்படிச் சொல்கிறார் என்று நான் வாய்விட்டுவிட்டேன். "உங்கட ஆக்கள்தான் எங்கட சொல்லக் களவெடுத்த" என்றார். பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டால், அது இரண்டு பேருக்கும் சொந்தமில்லை, பாரசீகத்துச் சொல் என்கிறார். அன்று மாமி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அங்கேயும் பிங்கான்தானா?

உங்கள் வரவுக்காக அல்ல, உங்களிடம் வருவதற்காகக் காத்திருக்கும்,
ஸைனப்

*

பத்து பஹாட், ஜோகூர்
6.1.1969

அன்புள்ள ஸைனப்,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். தலைவலி இல்லை. நீயும் மகளும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். பெருநாளுக்கு எழுத நினைத்தும் ஆலையில் வேலை விடவில்லை. எஞ்சின் கிழடு. பதுளைத் தேயிலை ஆலையில் நான் பார்த்த எஞ்சினே இதற்கு மாப்பிள்ளை மாதிரி.

நம் ஊர் ஷுக்ரி ஸலாம் சொல்லச் சொன்னான். அவனும் நானும் தோட்டத்து அறையில்தான் இருக்கிறோம். ஒருநாள் அவன் சமைப்பான், மறுநாள் நான்.

நீ கேட்ட சொற்கள். தலையணை நம் வீட்டைப் போலவே "பந்தால்". பாய் "தீக்கார்". சோற்றுப் பீங்கானுக்கு மட்டும் இங்கே வீட்டில் "பிரிங்" என்பார்கள். நான் பிங்கான் என்று சொன்னால் ஒரே சிரிப்பு. பிரிங்கைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும், வேண்டாம் என்றாலும் சோறு விழும்.

பாஸ்போர்ட் விஷயத்தில் அவசரப்படாதே. இங்கே சட்டம் இறுகிக்கொண்டு வருகிறது. நேரம் வரும்போது நானே சொல்கிறேன்.

மகளுக்கு என் முத்தம்.
மஹ்ரூப்

*

பதுளை
8.3.1969

ஸல்மாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். பிள்ளைக்குச் சளி இருந்தது, மாறிவிட்டது. நீங்களும் ஷுக்ரியும் சுகம்தானே?

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் பீங்கான் என்ற பேச்சே இல்லை. ஸல்மாவும் நானும் பிரிங்கில்தான் சாப்பிடுகிறோம். பக்கத்து வீட்டு ஜெமீலா வந்தால்கூட, "மாமிக்கு ஒரு பிரிங் எடுத்து வைங்க" என்று உங்கள் மகள் உத்தரவு போடுகிறாள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஹல்துமுல்லையில் உங்கள் கூடப்பிறந்த ராத்தா, ஸுபைதா மச்சி வீட்டுக்குப் போயிருந்தோம். சோறு போடும்போது ஸல்மா தன் பிரிங்கைக் கேட்டாள். மச்சி சிரித்தார். "ஏன் மகள், தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழ வைக்கிற தட்டுலயா சோறு திங்கப் போற?" என்றார். உங்கள் மச்சான் பலீல் வாலிபத்தில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை செய்தவர் அல்லவா? அவர் சொன்னார்: "அங்கத்த மலாய்க்காரருக்கும் சோத்துக்குப் பிங்கான்தான். பிரிங் எண்டா அவங்களுக்குத் தேத்தண்ணிக் கோப்பைக்கு வைக்கிற சின்னத் தட்டு. ஜாவாக்காரர்தான் சோத்துப் பீங்கானயே பிரிங் எண்டு சொல்ற. எங்களோட வேலை செஞ்ச ஒருவர் கடைசி வரைக்கும் அத விடல்ல. தாயிட வீட்டுச் சொல்லாம்."

அப்படிச் சொன்னவர் மச்சியைப் பார்த்தார். மச்சி சிரிப்பதை நிறுத்திவிட்டு எனக்கு இன்னும் கொஞ்சம் இறைச்சி வைத்தார். வேண்டாம் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

உங்கள் தோட்டத்தில் ஜாவாக்காரர் இருக்கிறார்களா? அவர்களிடம் கேட்டு எழுதினீர்களா? இரண்டு சொல்லையும் கற்றுக்கொண்டால் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. எதை எங்கே சொல்ல வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

உங்கள் ஸைனப்

*

ஹல்துமுல்லை
11.3.1969

தம்பி மஹ்ரூபுக்கு ராத்தா ஸித்தி ஸுபைதா எழுதுவது. ஸலாம். நானும் உன் மச்சானும் சுகம்.

நாம் வாயால் பேசுவது மலாய், கையால் எழுதப் படித்தது தமிழ். அதனால் தமிழிலேயே கேட்கிறேன். நீ அறையில் சமைத்துச் சாப்பிடுகிறவன். "வீட்டில் பிரிங் என்பார்கள்" என்று பெண்டாட்டிக்கு எழுதியிருக்கிறாய். அந்தக் கடிதத்தை அவள் பெருமையோடு எனக்கு வாசித்துக் காட்டினாள். எந்த வீட்டில், தம்பி? உனக்குச் சோறு போட்டுச் சிரிக்கிறது யார்?

நான் நினைப்பது பொய்யாக இருந்தால் உன் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறேன். உண்மையாக இருந்தால், அவளுக்கு நீயே எழுது. என்னைக் கொண்டு சொல்ல வைக்காதே.

ஸுபைதா

*

பத்து பஹாட்
29.4.1969

அன்புள்ள ஸைனப்,

ஸலாம். சுகம். உன் சுகம் அறிய ஆவல்.

பலீல் மச்சான் கெட்டிக்காரர். அவர் சொன்னது சரி. எங்கள் அறைக்குச் சமைக்க ஒரு கிழவர் வருகிறார், ஜாவாக்காரர். அவர் வாயில் வந்ததைத்தான் எழுதினேன். மிகவும் நல்ல மனிதர். வயது எழுபதுக்கு மேல். பல் இல்லை. இந்தப் பக்கத்துக் கம்பங்கள் என்கிற கிராமங்களில் ஜாவாக்காரர்தான் அதிகம், அதனால் கடைத்தெருவிலும் அந்தச் சொல் அடிபடும். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

விசா இந்த வருஷம் நடக்காது போலிருக்கிறது. நீ பண்டாரவளையில் உன் வாப்பாவோடு போய் இருந்தால் எனக்கும் மனம் நிம்மதி. ராத்தாவுக்குத் தனியாக எழுதுவேன் என்று சொல்.

மஹ்ரூப்

*

பதுளை
20.6.1969

ஸல்மாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இது உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும் என்று கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். கோலாலம்பூரில் கலவரம், ஊரடங்கு என்று ரேடியோவில் சொன்னார்கள். ஜோகூர் அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. தபால் கந்தோரில் நல்லையா மாஸ்டர் சுவரிலிருந்த தேசப்படத்தில் விரலை வைத்து, "தூரந்தாம்மா, பயப்படாதீங்க, எல்லாம் சுகமா இருப்பாங்க" என்றார். சுகம் என்று ஒரு வரி போடுங்கள். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

ஆனால் என் மனதில் இருப்பதை மறைத்தால் அது உங்களுக்குச் செய்யும் துரோகம். ஜனவரியில் நீங்களும் ஷுக்ரியும் முறைவைத்துச் சமைப்பதாக எழுதினீர்கள். ஏப்ரலில் ஒரு கிழவர் சமைக்கிறார். இடையில் வந்தவராக இருக்கலாம். ஆனால் அந்தச் சொல் ஜனவரிக் கடிதத்தில் அல்லவா இருந்தது?

நான் சந்தேகப்படவில்லை. சந்தேகம் வராத மாதிரி ஒரு பதில் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. ஸல்மா அதை எடுத்துப் பார்த்துப் பார்த்து ஓரம் மடங்கிவிட்டது. பண்டாரவளைக்குப் போக நான் நினைக்கவில்லை. நீங்கள் என்னைக் கைபிடித்துக் கூட்டி வந்தது இந்த வீட்டுக்கு.

ஸைனப்

*

ஹல்துமுல்லை
19.10.1969

தங்கச்சி ஸைனபுக்கு,

ஸலாம். நீயும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இதைத் தனியாக இருந்து வாசி. ஸல்மா பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரம் பார்த்து வாசி.

ஷுக்ரி ஊருக்கு வந்துவிட்டான். நேற்று இங்கே வந்தான். உன் புருஷன் உனக்கும் பிள்ளைக்கும் கொடுத்தனுப்பிய சீலைத் துணியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். "நீங்களே கொடுத்துருங்க ராத்தா, பதுளைக்கு எனக்குப் போகேலாது" என்றான்.

"ஏன் போகேலாது? பஸ் ஓடல்லயா?" என்று கேட்டேன்.

"அவங்கட மொகத்தப் பாக்கேலாது."

அதற்கு மேல் நான் கேட்கவே தேவையிருக்கவில்லை. இருந்தாலும் கேட்டேன். மஹ்ரூப் அந்த அறையை விட்டுப் போய் ஒன்றரை வருஷத்துக்கு மேல். ஆலைக்குப் பக்கத்துக் கம்பத்தில் ஒரு ஜாவாக் குடும்பம். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொடுத்துப் பார்த்தவர்களாம். அந்த வீட்டுப் பெண்ணை நிக்காஹ் செய்திருக்கிறான். ஒரு ஆண் குழந்தை. தவழ்கிறதாம்.

"ஊர்ல பொண்டாட்டி இருக்குறது அவளுக்குத் தெரியுமா?" என்றேன்.

"முதல்ல தெரியாது. பொறகு உங்கட கடிதம் ஒண்டு வந்த நேரம் தெரிஞ்சிட்டு. அவள் ரெண்டு நாள் அடுப்பு மூட்டல்ல."

ஸைனப், அவன் என் கூடப்பிறந்தவன். அவன் குற்றத்தை மூடுவதுதான் ராத்தாவுக்கு அழகு என்று ஊர் சொல்லும். மார்ச்சிலேயே எனக்குப் பயம் வந்தது. அவனே எழுதட்டும் என்று இத்தனை மாதம் விட்டுவைத்தேன். இனி முடியாது. நீ பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு அங்கே காத்திருக்கும்போது எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை.

பதுளை வீட்டில் பாதி என்னுடையது. அந்த வாசலைத் தாண்டி உன்னை யாரும் வெளியே போகச் சொல்ல முடியாது. பஸ் கிடைத்ததும் வருகிறேன்.

உன் மச்சி,
ஸுபைதா

*

பதுளை
2.11.1969

ஸுபைதா மச்சிக்கு,

ஸலாம். நீங்கள் வந்து இரண்டு இரவு என்னோடு படுத்துவிட்டுப் போனீர்கள். அந்த இரண்டு நாளும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் மேல் கோபமில்லை. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று பயமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

அவர் இன்னொருத்தியைக் கட்டினார். கட்டுகிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள். அதை ஒரு நாளில்லாவிட்டால் ஒரு நாள் என்னால் விழுங்க முடியும். இதைத்தான் விழுங்க முடியவில்லை, மச்சி. அவளுடைய அடுப்படியில் புழங்குகிற சொல்லை அவர் எனக்கு எழுதி அனுப்பினார். அதை நான் உட்கார்ந்து மனப்பாடம் பண்ணினேன். சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டே என் பிள்ளையின் வாயில் அந்தச் சொல்லையும் நானே வைத்தேன். "இன்னொருக்கா சொல்லு மகள், வாப்பா சந்தோஷப்படுவார்" என்று கெஞ்சினேன். இப்போது அவள் பசிக்கும்போதெல்லாம் அதைச் சொல்லிக் கேட்கிறாள். நேற்று அடித்துவிட்டேன். ஏன் அடித்தேன் என்று அவளுக்குத் தெரியவில்லை. "என்ன பிழை உம்மா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று தூக்கிக்கொண்டேன். இருவரும் அழுதோம். அவள் ஏன் அழுதாள் என்று அவளுக்கும் தெரியாது.

வாப்பா லொறி கொண்டுவந்தார். "சாமானெல்லாம் ஏத்து, போவம்" என்றார். நான் நகரவில்லை. "நான் அண்டைக்கே சொன்னேனே" என்று அவர் ஆரம்பித்தார். "சொன்னீங்க வாப்பா. நீங்க சொன்னது சரி. அதுக்காக நான் பொறந்த வீட்டு மூலையில குந்திக்கிட்டு இருக்க வரேலாது" என்றேன். பாவம், லொறியை வெறுமையாக அனுப்பிவிட்டு வெகுநேரம் வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து, உடைந்திருந்த யன்னல் கொக்கியைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஸவாஹிரா டீச்சர் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறாராம். போய்ப் பார்த்தேன். தையிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்.

ஸைனப்

*

பத்து பஹாட்
14.1.1970

அன்புள்ள ஸைனப்,

ஸலாம். உன் சுகத்தைக் கேட்க எனக்கு முகமில்லை என்றாலும் கேட்கிறேன்.

ஷுக்ரி எல்லாவற்றையும் சொல்லியிருப்பான். மார்க்கம் தடுக்காத ஒன்றைத்தான் செய்தேன். முன்பே உன்னிடம் சொல்லியிருக்கலாம். காய்ச்சலில் அநாதையாகக் கிடந்தபோது என்னைப் பார்த்தவர்கள் அவர்கள். பிறகு எப்படி எப்படியோ ஆகிவிட்டது.

இப்போது ஒரு நல்ல செய்தி. விசாவுக்கு வழி பிறந்திருக்கிறது. ஆலைத் துரை கையெழுத்து வைப்பதாகச் சொல்கிறார். நீயும் மகளும் வாருங்கள். நீங்கள் வர வேண்டும் என்றுதான் அவளும் சொல்கிறாள், நல்ல மனசுக்காரி. வீடு சின்னது. ஒரு பக்கம் இறக்கிக் கட்டிக்கொள்ளலாம். நீ இத்தனை நாள் ஆசைப்பட்டது இதுதானே?

விவாகரத்துக் கேட்டுக் காதியாரிடம் போகப்போகிறாய் என்று ராத்தா எழுதியிருக்கிறார். குடும்ப மானத்தை யோசித்துப் பார். ஸல்மா என்னை நினைத்து அழுகிறாளா?

மஹ்ரூப்

*

பதுளை
5.4.1970

மஹ்ரூப் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸல்மா சுகமாக இருக்கிறாள். நானும் சுகம். உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாயிருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் போடாதது கோபத்தால் அல்ல. விசா என்ற சொல்லைக் கண்டதும் ஒரு நிமிஷம் மனம் துள்ளியது. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். இரண்டு வருஷம் அதற்காகவே எழும்பி, அதற்காகவே படுத்தவள் நான். பிறகு அந்த வீட்டை நினைத்துப் பார்த்தேன். இறக்கிக் கட்டிய பக்கத்தில் நானும் பிள்ளையும். நடுவில் உங்கள் சாப்பாடு. இரண்டு பெண்கள் யார் முந்திச் சோறு போடுவது என்று பார்த்துக்கொண்டு நிற்போம். அவளுக்கும் அது அநியாயம். நான் வரவில்லை.

நீங்கள் வாசிக்கும்போது காதியாரின் அறிவித்தல் கைக்கு வந்திருக்கும். பஸஹ் கிடைத்துவிட்டது. இனி நான் உங்கள் மனைவி இல்லை.

விசாரணை நாளில் சாட்சி சொல்ல யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். சொந்தத்தில் யார் வருவார்கள்? ஸுபைதா மச்சியும் பலீல் மச்சானும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அறை நிறைய ஆண்கள். "பிரதிவாதி ஒங்களுக்கு என்ன முறை?" என்று காதியார் கேட்டார்.

"கூடப்பிறந்த தம்பி."

"தம்பிக்கு எதிராவா சாட்சி சொல்ல வந்தீங்க?"

"எதிரா வரல்ல. இந்தப் புள்ளைக்கு நடந்ததச் சொல்ல வந்தேன். அவன் இங்க இருந்தா அவன்ட மொகத்தப் பாத்துத்தான் சொல்லியிருப்பேன். இல்லாதத நான் சொன்னா அல்லாஹ் என்ட நாக்க எடுக்கட்டும்."

பின்னாலிருந்து ஒருவர் ஏதோ முணுமுணுத்தார். மச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் அவரைப் படியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். "இவன நான் இடுப்புல தூக்கி வளத்தேன் ஸைனப்" என்று சொல்லி அழுதார். உங்கள் ராத்தாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். திட்டி எழுதினாலும் சரி, எழுதுங்கள்.

ஸல்மா உங்களை நினைத்து அழுகிறாளா என்று கேட்டிருந்தீர்கள். முன்பு அழுவாள். இப்போது கேள்விதான் கேட்கிறாள். யாரோ பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். போன வாரம் தலை சீவும்போது, "வாப்பாட அங்கத்த வீட்டுல ஒரு தம்பி இருக்காராமே, அவர் என்ட தம்பியா?" என்றாள். ஆம் என்றேன். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அவருக்கு என்ன பேர்?" என்று கேட்டாள்.

நீங்கள் அந்தப் பெண்ணின் பெயரை எழுதவில்லை. அது எனக்கு வேண்டாம். ஆனால் பிள்ளையின் பெயரைக்கூட எழுதவில்லை. ஷுக்ரியிடம் கேட்கலாம், கேட்க மாட்டேன். அதை அவள் தன் வாப்பாவிடமிருந்துதான் அறிய வேண்டும்.

இனி எனக்கு எழுத வேண்டாம். ஸல்மாவுக்கு எழுதுங்கள். இப்போது எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள், அதனால் பெரிய எழுத்தாக எழுதுங்கள். முதல் கடிதத்தில் அவள் தம்பியின் பெயரை எழுதுங்கள்.

ஸைனப்